தோங் பெரியப்பாவின் கஷாயச் சக்கை

காலை ஆறு இருபதுக்குத் தெருமுனையில் குனிந்து நின்று கஷாயச் சக்கை பொறுக்குவது மருந்தியல் முதுகலைப் பாடத்திட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. கெங் பைலின் அதைத் தானாகவே எடுத்துக்கொண்டான். கையில் உறை, முகத்தில் முகமூடி, சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. யாராவது கடந்து போனால் ஷூ லேஸ் கட்டுவதுபோல் பாவனை செய்வான். போட்டிருந்தது ரப்பர் செருப்பு என்பது ஒரு மாதமாக அவனுக்கு உறைக்கவில்லை.

ஜியாங் அக்காவுக்கு உறைத்தது. அந்தத் தெருவைப் பெருக்குகிறவள் அவள்தான்.

"தம்பி, நகராட்சியில எப்போ சேர்ந்த? எனக்குச் சொல்லவே இல்லையே?"

"சும்மா பார்த்துட்டு இருந்தேன்க்கா."

"பாரு, பாரு. அந்தப் பக்கம் நாய் ஒண்ணு போட்டு வெச்சிருக்கு. அதையும் பார்த்துட்டுப் போ."

சக்கை, குடியிருப்பே பெரியப்பா என்று கூப்பிடும் தோங் பெரியப்பாவுடையது. செங்டு நகரின் கிழக்கே பேருந்துக் கழகக்காரர்களுக்காக எப்போதோ கட்டிய ஆறு மாடிக் குடியிருப்பில் அவருக்குத் தரைத்தளம். பைலின் வாடகைக்கு இருந்தது நாலாம் மாடி. பெரியப்பா முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் பப்ளிமாஸ் பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. செங்டுவின் ஈரக்காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. வைத்தியர் கொடுத்த மூலிகையை விடியற்காலையில் மண்பானையில் காய்ச்சிக் குடித்துவிட்டு, சக்கையைக் கொண்டுபோய்த் தெருமுனையில் கொட்டுவார். போகிறவர் வருகிறவர் மிதித்தால் ஆளுக்குக் கொஞ்சம் நோயைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது கணக்கு. பைலின் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மிதிபட்ட சக்கையில் மண் சேரும். மண் சேர்ந்தால் பரிசோதனை கெடும். ஆகவே முதல் கால் படுவதற்குள் அள்ளிவிடுவான்.

அவன் ஆய்வேட்டின் தலைப்பு நீளமானது. சுருக்கினால் இவ்வளவுதான்: வீட்டில் மூட்டுவலிக் கஷாயம் காய்ச்சியபின் தூக்கிப்போடும் சக்கையில், வீக்கத்தைக் குறைக்கும் சேர்மங்கள் எவ்வளவு மிச்சமிருக்கின்றன? இதற்கு அவன் இருபது வீடுகளுக்குப் போகவேண்டும். அனுமதி கேட்டு, என்ன மருந்து, எத்தனை நிமிடம் காய்ச்சினார்கள் என்று குறித்து, சக்கையை வாங்கி வரவேண்டும். இருபது வீடென்றால் இருபது குவளைத் தேநீர், "கல்யாணம் ஆயிடுச்சா?" இருபது முறை, "ஏன் ஆகலை?" இருபது முறை. முதல் வீட்டில் ஒரு அம்மாள் தன் அக்கா மகளின் புகைப்படத்தைக் காட்டியதும் பைலின் எழுந்தவன்தான். இரண்டாவது வீட்டுக்கு அவன் போகவே இல்லை.

தெருமுனையில் தினமும் சக்கை கொட்டுகிற ஒரே வீடு போதும் என்று தோன்றியது. இருபது நாள், இருபது பை, இருபது வீடு; சிந்தினது, கெட்டதுக்கு ஈடாக அதற்குமேலும் அள்ளினான். காய்ச்சிய நேரம் என்ற பத்தியை மட்டும் அறையில் உட்கார்ந்து நிரப்பினான். 60, 60, 60 என்று போட்டால் சந்தேகம் வரும் என்பதால் 58, 61, 63 என்று போட்டான். உண்மை எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே நவம்பர் மூன்றாம் தேதி அவன் ஒரு காரியம் செய்தான்.

பெரியப்பாவின் பானை ஒரு மணி நேரம் கொதிக்கும். நனைந்த சாக்கு, பழைய வேர், தீய்ந்த மண் எல்லாம் கலந்த ஒரு வாடை மாடிப்படியில் ஏறி, இரண்டாம் மாடியில் இளைப்பாறி, நாலாம் மாடியில் குடிவரும். அன்று அவன் ஆய்வேட்டின் முன்னுரையை எழுதிக்கொண்டிருந்தான். 'நம் முன்னோரின் மூலிகைச் செல்வம்' என்று தொடங்கும் பத்தி. வாடை பொறுக்காமல் கைபேசியை எடுத்துக் குடியிருப்புவாசிகளின் குழுவில் எழுதினான்:

"கீழே யாரோ பழைய பூட்ஸை வேகவைக்கிறார்கள். ஒரு மணி நேரமாயிற்று. இன்னுமா வேகவில்லை?"

அறுபத்துநாலு வீடுகள் இருக்கும் குழுவில் அவன் பெயர் 'மலையேறும் நத்தை'. அந்த நத்தை எந்த மாடி என்று ஒருவருக்கும் தெரியாது. அரை மணிக்குள் முப்பத்தொரு கட்டைவிரல்கள். ஒருவர், "பூட்ஸ் இல்லை, பூட்ஸ் போட்டிருந்த ஆள்" என்று எழுதினார். பைலின் தன் வாழ்நாளில் எழுதிய எதற்கும் இவ்வளவு வாசகர்கள் கிடைத்ததில்லை. அவன் மூன்று முறை திறந்து பார்த்தான்.

கடைசியில் ஒரு பதில் வந்தது. "மன்னிக்கவும். நாளை முதல் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். தோங், முதல் கட்டடம், தரைத்தளம்."

முகவரியோடு மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் அந்தக் குழுவில் அவர்தான். பைலினுக்கு ஏதோ சுருக்கென்றது. ஜன்னலைத் திறந்ததும் நல்ல காற்று வந்தது. சுருக்கென்றது போய்விட்டது.

அதன்பிறகு ஆராய்ச்சி பிரமாதமாக நடந்தது. எலியின் பாதத்தில் ஒரு கடற்பாசிச் சாற்றை ஊசியால் ஏற்றினால் பாதம் வீங்கும். மருந்து கொடுத்த எலிக்கு எவ்வளவு குறைவாக வீங்குகிறது என்று அளக்கவேண்டும். அக்டோபர் மாதச் சக்கையின் சாறு கொடுத்த எலிகளுக்குச் சுமாராகக் குறைந்தது. நவம்பர்ச் சக்கை கொடுத்தவற்றுக்கு வீக்கமே கிட்டத்தட்ட இல்லை. அளவைக் கூட்டிக் கொடுத்தபோது எலிகள் எச்சில் வழிய ஒரு மூலையில் படுத்துக்கொண்டன. குறிப்பேட்டில் 'அமைதியாக உள்ளன' என்று எழுதினான்.

பேராசிரியை லுவோ வரைபடத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பைலின், இது நீ பண்ணினதா?"

"ஆமா மேடம்."

"நீயேதானா?"

"நானேதான் மேடம்."

"மூணு வருஷமா நீ இந்த லேப்ல மின்விசிறிக்குக் கீழ இடம் பிடிக்கறதைத்தான் பார்த்திருக்கேன். சரி, இருபத்தெட்டாம் தேதி குன்மிங் மாநாடு. நீதான் பேசற. சட்டையை இஸ்திரி போட்டுக்கோ."

மாநாட்டுக்குப் போகுமுன் சக்கையில் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் இயந்திரத்தில் எல்லாப் பைகளையும் ஓட்டவேண்டியிருந்தது. பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை மதியம், வரிசையாகத் தாள்கள் வந்து விழுந்தன. அக்டோபர்த் தாள்களில் அகோனிட்டின் என்ற இடத்தில் ஒரு சின்ன மேடு, கொசு கடித்ததுபோல. நவம்பர் நாலாம் தேதித் தாளிலிருந்து அதே இடத்தில் ஒரு கோபுரம்.

அகோனிட்டின் எதிலிருந்து வருகிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பெரியப்பாவின் மருந்தில் நாபிக்கிழங்கு இருந்தது. மூட்டுவீக்கத்துக்கு அதைப்போல இன்னொன்று கிடையாது. ஆளை அனுப்பிவைப்பதிலும் கிடையாது. அதனால்தான் அதைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, 'முதலில் இதை மட்டும் ஒரு மணி நேரம்' என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரக் கொதியில் நஞ்சு உடைந்து சாதுவாகும். வீக்கம் குறைக்கும் குணம் மட்டும் நிற்கும். கொதி குறைந்தால் நஞ்சு நஞ்சாகவே இருக்கும், சக்கையிலும், கிண்ணத்திலும்.

கோபுரத்தைப் பார்த்ததும் பைலினுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவ்வளவு சுத்தமான, கூர்மையான கோபுரம். ஆய்வேட்டின் அட்டையில் போடலாம் போலிருந்தது. இரண்டு நொடி இருக்கும். அந்த இரண்டு நொடியைத்தான் பிறகு அவனால் எங்கேயும் கொண்டுபோய்க் கொட்டமுடியவில்லை.

மூன்றாவது நொடியில் தேதியைப் பார்த்தான்.

நவம்பர் நாலு. பூட்ஸ் வேகவைப்பதைப் பற்றி நத்தை எழுதியதற்கு மறுநாள்.

ஓடிப்போய்ச் சொல்லவேண்டியதுதானே? பைலினும் அப்படித்தான் எழுந்தான். கதவுவரை போனான். கதவருகே மனசுக்குள் ஒரு விசாரணை நடந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பெரியப்பா கேட்பார். "உங்கள் சக்கையைத் திருடினேன்." "எத்தனை நாள்?" "முப்பத்தைந்து." "எதற்கு?" "இருபது வீடு என்று காட்ட." இது பேராசிரியை காதுக்குப் போகும். குன்மிங் போகும், பட்டம் போகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "நான் ஏன் நேரத்தைக் குறைத்தேன் தெரியுமா?" என்று அவர் கேட்டால்?

திரும்பி வந்து உட்கார்ந்தான். நேரில் போகாமலே காரியத்தை முடிக்க ஒரு வழி தோன்றியது. கெடுத்தது நத்தை, நத்தையே சரிசெய்யட்டும். குழுவில் எழுதினான்:

"கஷாய வாசனை உடம்புக்கு நல்லது. தயவுசெய்து நன்றாகக் காய்ச்சுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையவே வேண்டாம். நாங்கள் எல்லோரும் ரசிக்கிறோம்."

உள்ளதை உள்ளபடி அவன் அந்தக் குழுவில் எழுதியது அதுதான் முதல் தடவை. பதில்கள் உடனே வந்தன.

"நத்தை, குத்திக்காட்டறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லப்பா."

"பெரிய மனுஷன் இறங்கி வந்தப்புறமும் விடமாட்டேங்கறியே, நீ நத்தையா நட்டுவாக்காலியா?"

"ரசிக்கிறோமாம்! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது."

பைலின் "நான் நிஜமாகத்தான் சொல்கிறேன்" என்று எழுதினான். அதற்கு நாற்பது கட்டைவிரல்கள்.

கடைசியில் அவர் வந்தார். "புரிகிறது. இதுவரை இருபத்தைந்து நிமிடம் காய்ச்சினேன். நாளையிலிருந்து பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன். தோங், முதல் கட்டடம், தரைத்தளம்."

மறுநாள் வியாழக்கிழமை. பைலின் வகுப்பைக் கட் அடித்துவிட்டு முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். பெரியப்பா மூங்கில் நாற்காலியில் இடதுகாலை ஒரு முக்காலிமேல் நீட்டி, மூடிபோட்ட குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலிக் கிண்ணம். காலையில் சாப்பிட்ட நூடுல்ஸின் சிவப்பெண்ணெய் அடியில் மிதந்தது.

"வா தம்பி, உக்காரு. நாலாம் மாடிதானே நீ? என்ன படிக்கற?"

"மருந்து படிக்கறேன் பெரியப்பா."

"படி, படி. நான் தின்னுக்கிட்டே இருக்கேன், நீ படிச்சுக்கிட்டே இரு. ரெண்டு பேருல யாருக்காவது புரியட்டும்."

"கால் எப்படி இருக்கு?"

"வீக்கம் வடிஞ்சிருக்கு, பாரு. இந்த ரெண்டு வாரமா மருந்து நல்லாக் கேக்குது. சும்மா சொல்லக்கூடாது." முழங்காலைத் தட்டிக் காட்டினார். "ஆனா அதுல ஒரு வருத்தம் இருக்கு தம்பி. உன்கிட்ட சொல்லலாம். மத்தவங்க சிரிப்பாங்க."

"சொல்லுங்க."

"நான் கொட்டற சக்கை இருக்கில்ல. பத்துப் பேர் மிதிச்சா ஆளுக்கு ஒரு துளி. யாருக்கும் பாதிப்பு இல்ல. ஆனா போன மாசத்துலேர்ந்து நான் கொட்டிட்டு வந்து எட்டிப்பார்த்தா ஒரு துண்டு மிச்சமில்ல. துடைச்சு எடுத்த மாதிரி. யாரோ ஒரே ஆள் முழுக்கத் தூக்கிட்டுப் போறான். என் முழங்கால் மொத்தமும் அவன் தலையில. எந்த வீட்டுப் பிள்ளையோ!"

பைலின் தன் முழங்காலைப் பார்த்தான். அது நன்றாகத்தான் இருந்தது.

"பெரியப்பா," என்றான். "அந்த மருந்துல ஒரு சின்னப் பொட்டலம் தனியா இருக்கும். அதை ஒரு மணி நேரம்..."

"தெரியும்ப்பா. எழுதியிருக்கான். கண்ணாடி போட்டுத்தான் படிச்சேன். ஆனா அறுபத்துநாலு வீடு இருக்கு, எல்லாருக்கும் மூக்கு இருக்கு."

"நாக்கு மரத்துப் போகுதா? உதடு?"

பெரியப்பா சிரித்தார். காலிக் கிண்ணத்தைக் காட்டினார். "இந்த ஊர்ல நாக்கு மரக்காத நாள் எது தம்பி? அஞ்சு வயசுலேர்ந்து மரத்த நாக்கு இது. ஹுவாஜியாவ் மிளகு போடாத நூடுல்ஸைத் தின்னுட்டு நாக்கு மரக்குதான்னு கேளு, சொல்றேன்."

அதுதான். வேறெந்த ஊரிலும் அந்த நஞ்சு முதலில் நாக்கைத் தட்டி, "வந்திருக்கிறேன்" என்று சொல்லும். அந்த மிளகைக் காலை, மதியம், மாலை மென்று நாக்கை மரக்கவைப்பதையே ருசி என்று சொல்லும் செங்டுவில் அது எவ்வளவு தட்டினாலும் கதவு திறக்காது.

பைலின் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா சொன்னார்: "அந்த நத்தைமேல எனக்குக் கோபம் இல்ல, தெரியுமா? ராத்திரி ஷிப்ட் பார்த்துட்டு வர்ற பிள்ளையா இருக்கும். காலையில வந்து படுத்தா என் பானை நாத்தம். யாருக்குத்தான் எரிச்சல் வராது? நானும் ராத்திரி வண்டி ஓட்டினவன்தான்."

அவர் திட்டியிருந்தால் சொல்லியிருப்பான். திட்டுக்குப் பதில் சொல்லலாம். இல்லாத ராத்திரி ஷிப்ட் ஒன்றைத் தனக்குக் கொடுத்து மன்னித்துவிட்ட மனிதரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நாளைக்கு வரேன் பெரியப்பா" என்றான்.

நாளைக்கு, அதாவது வெள்ளிக்கிழமை, அவன் வரவில்லை. சனிக்கிழமை மாலை கட்டாயம் சொல்வது என்று முடிவு செய்தான். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தான். முதல் வரி, 'நாங்கள் நடத்திய ஒரு பொதுவான ஆய்வில்' என்று தொடங்கியது.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு முற்றத்தில் மாஜாங் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நாலாம் மாடிவரை கேட்கும் காய்களின் சத்தம் திடீரென்று நின்றது. மாஜாங் நடுவில் நிற்பதென்றால் நிலநடுக்கம் வரவேண்டும். பைலின் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தான். பெரியப்பாவின் கையிலிருந்த காய் மேசைமேல் விழுந்து கிடந்தது. அவர் தன் விரல்களை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த பல்செட்டு வெய் கேட்டுக்கொண்டிருந்தார்: "என்னப்பா, தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் மயக்கமா? எடு காயை."

"வாய் மரக்குது வெய்."

"எனக்கும்தான் மரக்குது. உன்கூடத்தானே நூடுல்ஸ் தின்னேன்?"

"கை மரக்குது."

வெய் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே பெரியப்பா பக்கவாட்டில் சரிந்தார்.

பைலின் நாலு மாடியையும் எப்படி இறங்கினான் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. ஒரு செருப்பு இரண்டாம் மாடியில் கிடந்ததாகப் பின்னால் சொன்னார்கள். "நாபிக்கிழங்கு! வேகாத நாபிக்கிழங்கு! வண்டியைக் கூப்பிடுங்க!" என்று கத்திக்கொண்டு வந்தவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெய்.

மூன்று நாளாக அவன் பயந்த கேள்வி. பதில் சொல்லும் சிரமத்தை ஜியாங் அக்கா அவனுக்கு வைக்கவில்லை. துடைப்பத்தோடு வாசலில் நின்றவள் சொன்னாள்: "அவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? தினம் விடிஞ்சா அவர் சக்கையை அள்ளிட்டுப் போறது இவன்தானே. கேட்டா ஷூ லேஸ் கட்டறானாம், ரப்பர் செருப்புக்கு."

மருத்துவமனையில் பணியில் இருந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். பெரியப்பாவின் இதயம் திரையில் தாறுமாறாகத் துள்ளிக்கொண்டிருந்தது, நாலு பேர் நாலு திசையில் இழுக்கிற வண்டி மாதிரி. மருத்துவர் கேட்டார்: "காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டாரு?"

"நூடுல்ஸ்," என்றார் வெய். "ஒரு முட்டை. டீ. என் சிகரெட் ரெண்டு."

"நாபிக்கிழங்கு," என்றான் பைலின். "ஒன்பது கிராம். காலையில ஆறு மணிக்கு. பதினஞ்சு நிமிஷம்தான் கொதிச்சிருக்கும். மூணு நாளா பதினஞ்சு. அதுக்கு முன்னால பதினாறு நாளா இருபத்தஞ்சு."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இவ்வளவு துல்லியமா யாரும் சொன்னதில்ல. நீங்க யாரு, மகனா?"

"இல்ல. நான் அவரோட சக்கையை எடுக்கறவன்."

மருத்துவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். எந்தப் பத்தியிலும் பொய் எண் போடவில்லை. அவர் ஊசிகளோடு உள்ளே போனார். பைலின் ஒற்றைச் செருப்போடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான். வெய் பக்கத்தில் உட்காராமல், ஆனால் அவனைத் தப்பவிடாத தூரத்தில் நின்றார். மாலை நாலு மணிக்குத் திரையில் வண்டி ஒரே திசையில் ஓட ஆரம்பித்தது. மருத்துவர் வெளியே வந்து, "இன்னும் ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். என்ன நஞ்சுன்னு உடனே தெரிஞ்சதால பிழைச்சாரு" என்று பைலினைப் பார்த்துச் சொன்னார். வெய் அப்போதுதான் வந்து அவன் தோளில் கைவைத்தார். அந்தக் கை அவனுக்கு ஜியாங் அக்காவின் துடைப்பத்தைவிடக் கனமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பேராசிரியை லுவோவிடம் போனான். எல்லாத் தாள்களையும் மேசைமேல் வைத்து, இருபது வீடு ஒரே வீடு என்றான். காய்ச்சிய நேரம் கற்பனை என்றான். பேராசிரியை கோபுரம் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஆக, உன் ஆராய்ச்சியோட முடிவு இதுதான். சரியா வேகாத மருந்துல சத்து மிச்சம் இருக்கும்."

"ஆமா மேடம்."

"இதை நீ அரிசியை வெச்சே கண்டுபிடிச்சிருக்கலாம். எலிகளாவது பிழைச்சிருக்கும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நாளைக்கு இருபது வீட்டு முகவரி தரேன். எல்லா வீட்டுலயும் டீ குடிக்கற. கல்யாணம் ஏன் ஆகலைன்னு கேட்டா உண்மையைச் சொல்லு. பட்டம் அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்போ என் கண்ணுல படாம இரு."

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனதில் அவனுக்கு விசித்திரமான ஒரு நிம்மதி. மீதி ஒன்று இருந்தது.

பெரியப்பா செவ்வாய்க்கிழமை வீடு திரும்பினார். குடியிருப்பு முழுக்க பைலினைக் கொண்டாடியது. மூன்றாம் மாடி அம்மாள் ஆரஞ்சு கொடுத்தாள். "ஒரு உயிரைக் காப்பாத்தின கை," என்று வெய் அவன் கையைப் பிடித்து மாஜாங் கூட்டத்துக்குக் காட்டினார். சக்கை திருடியதுகூட இப்போது தொலைநோக்கு ஆகிவிட்டது. அந்தக் கை அன்று என்ன தட்டச்சு செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பைலின் ஆரஞ்சை உரித்தான், சுளையைத் தோலுக்குள்ளேயே வைத்து மூடினான்.

அன்று மதியம் குழுவில் ஒரு செய்தி வந்தது.

"வீட்டுக்கு வந்துவிட்டேன். விசாரித்த அனைவருக்கும் நன்றி. வைத்தியர் மருந்தை மாற்றிவிட்டார். ஆனாலும் காய்ச்சித்தான் ஆகவேண்டும், கொஞ்சம் வாடை வரும். நத்தை அவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்த வீடு என்று சொன்னால், காய்ச்சும் நேரத்தை அவர் தூங்காத நேரமாக மாற்றிக்கொள்கிறேன். தோங், முதல் கட்டடம், தரைத்தளம்."

பைலின் அதை நாலு முறை படித்தான். குழுவை விட்டு ஓசையில்லாமல் வெளியேறலாம். அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. விரல் அதன்மேல் கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினான்:

"நத்தை நான்தான். எனக்கு ராத்திரி ஷிப்ட் எதுவும் இல்லை. கெங் பைலின், முதல் கட்டடம், நாலாம் மாடி."

ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே மாஜாங் மறுபடி நின்றது. அந்த வாரத்தில் இரண்டாவது முறை.

பிறகு முற்றத்திலிருந்து ஒரு குரல், ஓடும் பேருந்தின் கடைசி இருக்கைவரை போய்ப் பழகிய குரல்: "நத்தை! கீழ இறங்கி வா!"

பெரியப்பாவின் சமையலறை சிறியது. மண்பானை அடுப்பில் இருந்தது. அவர் ஒரு முக்காலியைக் காலால் நகர்த்தினார்.

"உக்காரு. பானையைப் பாரு. ஒரு மணி நேரம்."

"பெரியப்பா, இந்தப் புது மருந்துல நாபிக்கிழங்கு இல்ல. சீட்டைப் பார்த்தேன். அரை மணி போதும்."

"உன் பேச்சைக் கேட்டு ரெண்டு தடவை குறைச்சிருக்கேன்," என்றார். "ஒரு மணி நேரம்."

பைலின் உட்கார்ந்தான். நனைந்த சாக்கு, பழைய வேர், தீய்ந்த மண். ஆவி நேரே முகத்தில் அடித்தது. பெரியப்பா எதிரே உட்கார்ந்து அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். கால்மணி நேரம் கழித்துச் சொன்னார்:

"வியாழக்கிழமை வந்தியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ம்." பானையின் மூடி தடதடத்தது. "அப்போ நான் உன்கிட்ட நத்தையைப் பத்தி நல்லவிதமா வேற சொன்னேன்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

பைலினிடம் அந்தத் தாள் இன்னும் பையில் இருந்தது. 'நாங்கள் நடத்திய ஒரு பொதுவான ஆய்வில்.' அதை அவன் எடுக்கவில்லை. "வெட்கமா இருந்துச்சு," என்றான்.

பெரியப்பா பானையின் மூடியைச் சரித்து வைத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. நாளைக்கு ஆறு மணிக்கு வா என்று மட்டும் சொன்னார். பைலின் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

மூன்றாம் நாள் காலை கஷாயத்தை வடித்ததும் சக்கையை ஒரு கிண்ணத்தில் போட்டு அவன் கையில் கொடுத்தார். "முனையில கொட்டிட்டு வா. ஆனா நீ மிதிக்காதே. சுத்திக்கிட்டு வா. ஒரு மாசத்துக்கு மேல தூக்கினது போதும் உனக்கு. கால் வலிச்சா சொல்லு."

பைலின் கொட்டினான். ஆவி இன்னும் அடங்காத கறுத்த வேர்த்துண்டுகள், சுருண்ட பட்டைகள். அவன் மருந்தியல் படித்தவன். எந்தச் சேர்மமும் ரப்பர் செருப்பைத் தாண்டி ஏறாது என்பதும், ஒருவரின் முழங்கால் இன்னொருவரின் பாதம் வழியே போகாது என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தெருவின் இரு பக்கமும் பார்த்தான். ஜியாங் அக்கா தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றினான். இடதுகாலை எடுத்துச் சூடான சக்கையின் நடுவில் வைத்து நன்றாக அழுத்தினான். பிறகு வலதுகாலையும் வைத்தான்.

"என்ன தம்பி," என்றாள் ஜியாங் அக்கா பக்கத்தில் வந்து. "இன்னிக்கு அள்ளலையா?"

"இல்லக்கா," என்றான் பைலின், இறங்காமல். "இன்னிக்கு மிதிக்கறேன்."